சீன ஓபராவும் பேய், மந்திர வாள் சண்டைப் படங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாங்காங் பேய்ப் படங்களிலும் பறந்து பறந்து வாள் வீசும் படங்களிலும் ஒரு தனி நடை உண்டு. ஆவி தரையில் கால் பாவாமல் நகர்கிறது. வீரன் உள்ளே நுழைந்ததும் ஒரு நொடி சிலையாக நிற்கிறான். மேளம் திடீரென்று அதிர்ந்து திடீரென்று அடங்குகிறது. இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

ஓபரா என்றால் பாட்டுக் கச்சேரிதானே? அதற்கும் சண்டைக்கும் என்ன சம்பந்தம்?

ஐரோப்பிய ஓபராவை மனதில் வைத்துக்கொண்டு போனால் குழப்பம்தான் மிஞ்சும். சீன மேடை நடிகர் நான்கு வித்தைகளைக் கற்றாக வேண்டும்: பாட்டு, வசனம், அபிநயம், சண்டை. இதில் சண்டையை மட்டுமே பிழைப்பாகக் கொண்ட வேடங்களும் உண்டு. ஆண் வீரன், பெண் வீராங்கனை, சண்டை போடும் கோமாளி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சி.

ஊருக்கு ஊர், மொழிக்கு மொழி ஓபரா மாறும். சினிமாவைப் பொறுத்தவரை இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று பீக்கிங் ஓபரா. 1790இல் சியான்லாங் பேரரசரின் 80ஆம் பிறந்தநாளுக்காக அன்ஹுயி நாடகக் குழுக்கள் பெய்ஜிங் வந்ததிலிருந்து அதன் கதையைத் தொடங்குவது வழக்கம். இன்னொன்று தெற்கே குவாங்டாங்கிலும் ஹாங்காங்கிலும் வேரூன்றிய காண்டனீஸ் ஓபரா. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் ஏழாம் மாதப் பேய்த் திருவிழா சமயத்தில் தெருவோர மேடையில் பார்த்திருக்கும் 'வாயாங்' இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

மேடையில் இருப்பது பெரும்பாலும் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. கையில் சாட்டை இருந்தால் குதிரை மேல் வருகிறார் என்று அர்த்தம். நீலக் கொடிகள் அசைந்தால் வெள்ளம். மலை, ஆறு, அரண்மனை, நரகம் எல்லாவற்றையும் நடிகரின் உடம்புதான் உண்டாக்க வேண்டும். கையில் காசு குறைவாக இருந்த ஹாங்காங் சினிமாவுக்கு இப்படிப்பட்ட உடம்புகள் கிடைத்தது பெரிய வரம்.

பேயும் மந்திரமும் வாள் சண்டையும் எப்போது ஒரே படத்தில் சேர்ந்தன?

சினிமாவுக்கு முன்பே மேடையில் சேர்ந்துவிட்டன. குரங்கு அரசன் சுன் வூகோங் தேவலோகத்தைக் கலக்குவது, வெள்ளைப் பாம்புப் பெண் கணவனை மீட்க மடத்தின் மேல் வெள்ளத்தை ஏவுவது, பேய்களை அடக்கும் சோங் குயி தன் தங்கையைக் கல்யாணம் செய்துகொடுக்கப் பேய்ப் பரிவாரத்தோடு போவது என்று ஓபராவின் பிரபலமான சண்டைக் காட்சிகள் பலவும் அமானுஷ்யக் கதைகள்தான்.

சீனர்கள் எடுத்த முதல் படமாகச் சொல்லப்படுவதே ஓபராவிலிருந்து எடுத்த சண்டைக் காட்சிதான். 1905இல் பெய்ஜிங்கின் ஃபெங்டாய் புகைப்பட நிலையத்தார், அன்றைய பெரிய நட்சத்திரம் டான் சின்பெய் நடித்த 'டிங்ஜுன் மலை' ஓபராவின் பகுதிகளைப் படம்பிடித்தார்கள். அந்தப் படச்சுருள் இன்று இல்லை.

பேய்-வாள் படங்களுக்கு உண்மையான வெறி பிடித்தது 1928இல், ஷாங்காயில். மிங்சிங் நிறுவனம் எடுத்த 'செந்தாமரைக் கோயில் எரிந்தது' ஓடிய ஓட்டத்தில் 1931க்குள் 18 பாகங்கள் வந்தன. வாள்கள் தாமாகப் பறக்கும், வீரர்கள் கையிலிருந்து ஒளி பாயும். மூடநம்பிக்கையை வளர்க்கிறது என்று சொல்லி அன்றைய தேசியவாத அரசு இந்த வகையையே தடை செய்தது. பிறகு இந்த வகை ஹாங்காங்கில் பிழைத்துக்கொண்டது. 1964இல் வந்த காண்டனீஸ் படம் 'புத்தரின் உள்ளங்கை'யில் ஒளிக்கதிர்களைப் படச்சுருளின் மேலேயே வரைந்திருப்பார்கள். அதன் நாயகி யு சோ-சாவ், பீக்கிங் ஓபரா ஆசிரியர் யு ஜிம்-யுவெனின் மகள். அந்த ஆசிரியரின் பெயர் கீழே மறுபடி வரும்.

மேடையில் ஆவி எப்படி நடக்கும்? படத்தில் பார்ப்பதும் அதுதானா?

பெரும்பாலும் அதுதான். ஓபராவில் நடிகை இடுப்புக்கு மேலே துளியும் ஆடாமல், குதிகாலும் முன்பாதமும் மாறி மாறித் தரையைத் தொட, மிகச் சின்ன அடிகளாக வேகமாக வைத்து மேடையைச் சுற்றி வருவார். நீளப் பாவாடை பாதங்களை மறைத்துவிடும். தலையில் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்தாலும் சிந்தாது என்கிற அளவுக்கு உடம்பு நிலையாக இருக்கும். பார்ப்பவருக்கு அவர் காற்றில் மிதந்து வருவது போலவே தோன்றும். சாதாரணப் பெண் வேடத்துக்கும் இந்த நடை உண்டு. ஆவி வேடத்தில் வேகம் கூடும், கைகள் அசையாது.

ஆவி என்று காட்ட வேறு அடையாளங்களும் உண்டு. காதோரம் தொங்கும் வெள்ளைக் காகித இழைகள், தலைமேல் போட்ட மெல்லிய கறுப்புத் துணி. பேயோ பூதமோ நுழையும்போது மேடை உதவியாளர் குங்கிலியப் பொடியைத் தீயின் மேல் வீசுவார். ஒரு தீப்பந்து எழுந்து அடங்கும், அதற்குள் பேய் மேடையில் நிற்கும். சில ஓபரா வகைகளில் நடிகரே வாயிலிருந்து தீ ஊதுவார். ஹாங்காங் படங்களில் பேய் வரும்போது 'புஸ்' என்று புகையும் நெருப்பும் கிளம்புகிறதே, அது அந்தப் பொடியின் வாரிசு.

அப்புறம் நீளக் கை. ஓபரா உடையின் கையில் மணிக்கட்டுக்குக் கீழே வெள்ளைப் பட்டு தொங்கும். மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினால் அது நீண்டு பாயும், இன்னொரு சுண்டலில் மடிந்து மடிந்து கைமேல் வந்து உட்காரும். கோபம், வெட்கம், அழுகை, வசியம் எல்லாமே அதில் அடக்கம். 1987இல் வந்த 'எ சைனீஸ் கோஸ்ட் ஸ்டோரி'யில் ஜோயி வாங் ஆடிய ஆவிப் பெண்ணின் துணிகள் காற்றில் அலைந்து ஆளைச் சுற்றி வளைப்பதைக் கவனியுங்கள். இயக்குநர் சிங் சியூ-துங் சிறுவயதில் பீக்கிங் ஓபரா பயின்றவர். துணியை எப்படிப் பேச வைப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கதை, பு சோங்லிங் (1640–1715) எழுதிய பழைய பேய்க்கதைத் தொகுப்பிலிருந்து வந்தது. ஓபராவும் சினிமாவும் மாறி மாறித் தண்ணீர் இறைத்த கிணறு அந்தத் தொகுப்பு.

சத்திரத்தில் நடக்கும் சண்டை ஏன் இத்தனை படங்களில் வருகிறது?

இதற்கு 'சான் சா கோ' என்ற ஓபராவைப் பார்த்தே ஆக வேண்டும். 'முச்சந்தி' என்று வைத்துக்கொள்ளலாம். இரவில் ஒரு சத்திரம். அறையில் படுத்திருக்கும் வீரன் ரென் டாங்ஹுயி. அவன் சத்திரத்தில் தங்கியிருக்கும் இன்னொரு விருந்தாளியைக் கொல்ல வந்தவன் என்று தப்பாக நினைத்துக் கத்தியோடு நுழையும் சத்திரக்காரன் லியு லிஹுவா. அறையில் கும்மிருட்டு. ஆனால் மேடையில் விளக்குகள் முழு வெளிச்சத்தில் எரிகின்றன.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதவர்களாக நடிக்க வேண்டும். கத்தி மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் போகும், முகத்தில் சலனமே இருக்காது. ஒருவன் மேசை மேல் கையால் தடவிக்கொண்டு போவான், மற்றவன் அதே மேசைக்கு அடியில் ஊர்ந்து வருவான். முதுகும் முதுகும் உரசும், இருவரும் உறைந்து நிற்பார்கள், அடுத்த நொடி பாய்ச்சல். பார்வையாளருக்கு எல்லாம் தெரியும், பாத்திரங்களுக்கு எதுவும் தெரியாது. சிரிப்பும் திகிலும் ஒரே இழையில் ஓடும். முதல் தடவை பார்த்தபோது மூச்சு விட மறந்துபோனேன் என்று சொன்னால் அது மிகையில்லை.

பேய்ப் படங்களில் இது வேறு உருவத்தில் வரும். 'மிஸ்டர் வாம்பயர்' (1985) படத்தில் குதித்து வரும் பிணத்துக்குக் கண் தெரியாது, மூச்சை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிணத்தின் முகத்துக்கு எதிரே முகம் வைத்து நிற்கிறார்கள். கத்திக்குப் பதிலாக மூச்சு, இருட்டுக்குப் பதிலாகக் குருட்டுப் பிணம். சண்டையின் கட்டுமானம் முச்சந்தி ஓபராவை அப்படியே நினைவூட்டுகிறது.

கிங் ஹூ என்ற பெயரை ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்?

ஓபராவின் நடையைச் சினிமாவின் நடையாக மாற்றியவர் அவர். பெய்ஜிங்கில் பிறந்து, சின்ன வயதில் ஓபரா பார்த்து வளர்ந்து, ஹாங்காங் வந்து இயக்குநரானவர். தனக்குத் தற்காப்புக் கலை தெரியாது, தன் படச் சண்டைகள் ஓபராவிலிருந்து வந்தவை, அவற்றை நடனமாகத்தான் பார்க்கிறேன் என்று பேட்டிகளில் வெளிப்படையாகவே சொன்னார். அவருடைய சண்டை அமைப்பாளர் ஹான் யிங்-சியே பீக்கிங் ஓபராவில் தேறியவர். 'தி பிக் பாஸ்' (1971) படத்தில் புரூஸ் லீயோடு கடைசியில் மோதும் முதலாளி அவர்தான்.

'கம் டிரிங்க் வித் மீ' (1966), 'டிராகன் இன்' (1967) இரண்டிலும் சத்திரம் ஒரு முக்கியக் களம். ஒருவர் உள்ளே வருவார். உட்காருவார். கோப்பை நகரும். யாரும் அசைய மாட்டார்கள். பிறகு ஒரே ஒரு அசைவு, அதற்குத் தாளம் ஒரு அடி. ஓபராவில் நடிகர் சண்டைக்கு நடுவே திடீரென்று நின்று கண்களை விரித்து ஒரு தோரணை காட்டுவார், கைதட்டல் அங்கேதான் விழும். கிங் ஹூ அந்த நிறுத்தத்தைப் படத்தொகுப்பில் கொண்டுவந்தார்.

'எ டச் ஆஃப் ஜென்' (1971) ஒரு பாழடைந்த வீட்டில் ஆவி நடமாட்டத்தில் தொடங்கும். பிறகு அந்த ஆவி, தலைமறைவாக வாழும் ஒரு பெண் என்று தெரியவரும். அதற்கும் பிறகு பொம்மைகளையும் சத்தங்களையும் வைத்துப் போலிப் பேய்களை உண்டாக்கி எதிரிப் படையை மிரட்டுவார்கள். மேடை உத்திகளையே கதைக்குள் ஆயுதமாக்கிவிட்டார் மனிதர். 1975இல் கான் விழாவில் தொழில்நுட்பத்துக்கான பெரிய பரிசு இதற்குக் கிடைத்தது. என்னைக் கேட்டால் இந்த வகையில் இதற்கு மேல் ஒரு படம் இல்லை.

சண்டையில் அந்த மேளம், ஜால்ரா எதற்கு?

ஓபரா வாத்தியக் குழுவுக்குத் தலைவர் சின்ன முரசு வாசிப்பவர். அவர் நடிகரின் கையையும் கண்ணையும் பார்த்துக்கொண்டே அடிப்பார். பெரிய சேகண்டி, சின்ன சேகண்டி, ஜால்ரா மூன்றும் அவரைப் பின்தொடரும். நுழைவதற்கு ஒரு தாளம், ஓடுவதற்கு ஒன்று, திடுக்கிடுவதற்கு ஒன்று. சினிமாவில் அந்தத் தாளம் கேட்கும்போது அடி விழும் நேரம் உங்கள் காதுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. கிங் ஹூவின் 'லெஜண்ட் ஆஃப் த மவுண்டன்' (1979) படத்தில் ஆவிப் பெண் முரசு அடிப்பதே மந்திரத் தாக்குதல்.

ஜாக்கி சான் ஓபரா பள்ளியில் படித்தவராமே?

ஆமாம், அவர் மட்டுமில்லை. மேலே சொன்ன யு ஜிம்-யுவென் ஹாங்காங்கில் நடத்திய சீன நாடகப் பள்ளியில் ஜாக்கி பத்து ஆண்டுகள் இருந்தார். சாமோ ஹங், யுவென் பியாவ், யுவென் வா, கோரி யுவென், நடிகை யுவென் சியூ எல்லோரும் அங்கே வளர்ந்தவர்கள். ஆசிரியர் பெயரிலிருந்து 'யுவென்' என்ற எழுத்தைத் தங்கள் மேடைப் பெயரில் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் உறவினர்கள் இல்லை, ஒரே குருவின் சீடர்கள்.

ஒப்பந்தம் போட்டுப் பிள்ளையைப் பள்ளியில் விட்டால் சாப்பாடு, தூக்கம், பயிற்சி எல்லாம் அங்கேதான். தலைகீழாக நிற்பது, அந்தர் பல்டி, கால் விரிப்பு, வாள், ஈட்டி, பாட்டு. தப்பு செய்தால் பிரம்படி. அந்த அடியைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பாது. இன்றைக்கு எந்தப் பெற்றோரும் அனுப்பாத இடம் அது. குழந்தைகள் பட்ட பாட்டைச் சொல்லாமல் அவர்கள் வித்தையை மட்டும் மெச்சுவது சரியில்லை.

1960களில் ஹாங்காங்கில் இப்படி நான்கு பள்ளிகள் இருந்தன. காண்டனீஸ் பேசும் ஊரில் பீக்கிங் ஓபராவுக்குக் கூட்டம் குறைந்துகொண்டே போனது. படித்து முடித்தவர்களுக்கு மேடை இல்லை. பக்கத்திலேயே ஸ்டூடியோக்களில் டூப் போடவும் அடிவாங்கவும் ஆள் தேவைப்பட்டது. ஒரு கலையின் சரிவு இன்னொரு கலைக்கு ஒரு தலைமுறை ஸ்டண்ட் கலைஞர்களைக் கொடுத்தது. புரூஸ் லீ படங்களில் பல்டிகளுக்கு டூப் போட்டவர் யுவென் வா. 2004இல் வந்த 'குங்ஃபூ ஹஸில்' படத்தில் வீட்டுக்கார அம்மாவாகவும் அவர் கணவராகவும் வருகிறார்களே, யுவென் சியூவும் யுவென் வாவும்தான்.

இன்னொரு குடும்பமும் உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம். பீக்கிங் ஓபரா நடிகர் யுவென் சியூ-தின், அவர் மகன் யுவென் வூ-பிங். 'டிரங்கன் மாஸ்டர்' (1978) படத்தில் ஜாக்கிக்குக் குடித்தபடி பாடம் சொல்லும் கிழவர் அப்பா. படத்தை இயக்கியவர் மகன். 'தி மேட்ரிக்ஸ்' சண்டைகளை அமைத்தவரும் அதே மகன்தான்.

'மிஸ்டர் வாம்பயர்' குதிக்கும் பிணம் ஓபராவிலிருந்து வந்ததா?

பிணம் வந்தது நாட்டுப்புற நம்பிக்கையிலிருந்தும் சிங் வம்சக் காலத்துப் பேய்க்கதைகளிலிருந்தும். அதைத் திரையில் நம்ப வைத்தது ஓபரா.

தாவோயிசப் பூசாரியாக வரும் லாம் சிங்-யிங், மேடம் ஃபென் ஜுஹுவாவின் பள்ளியில் பீக்கிங் ஓபரா கற்றவர். மெலிந்த உடம்பு என்பதால் பெண் வீராங்கனை வேடங்களுக்குப் பயிற்சி பெற்றார். அந்தப் பயிற்சி பூசாரி வேடத்தில் முழுக்கத் தெரியும். மரவாளை எடுப்பது, மஞ்சள் காகிதத்தைக் கொளுத்துவது, இரண்டு விரலை நீட்டுவது எல்லாம் அளந்து வைத்தது போலத் துல்லியமாக இருக்கும். முதுகு வளையவே வளையாது. எதிரே கையை நீட்டிக்கொண்டு குதித்து வரும் பிணமாக நடித்தவர் நம் யுவென் வா. முழங்கால் மடங்காமல், முகம் அசையாமல், பலகை போல விழுந்து பலகை போல எழுவது சாதாரண நடிகரால் ஆகிற காரியமில்லை. தயாரிப்பாளர் சாமோ ஹங். அவர் 1980இல் எடுத்த 'என்கவுன்ட்டர்ஸ் ஆஃப் த ஸ்பூக்கி கைண்ட்' படத்தில் மந்திரவாதிகள் உயரமான பீடங்களில் நின்று, தெய்வங்களை ஆட்கள் உடம்பில் இறக்கிச் சண்டை போடவைப்பார்கள்.

லாம் சிங்-யிங்கின் முழு வீச்சைப் பார்க்க வேண்டுமானால் பேய் இல்லாத 'தி பிராடிகல் சன்' (1981) படத்தைப் பாருங்கள். அதில் அவர் பெண் வேடமிடும் ஓபரா நடிகராகவே வருகிறார். புருவத்தைக்கூட மழித்துக்கொண்டு நடித்தார்.

ஆண் பெண் வேடமும் பெண் ஆண் வேடமும் படங்களில் வருவது இதனால்தானா?

பெரிய அளவில் ஆமாம். பீக்கிங் ஓபராவில் மெய் லான்ஃபாங் (1894–1961) போன்ற ஆண்கள் பெண் வேடத்தில் உச்சம் தொட்டார்கள். காண்டனீஸ் ஓபராவில் யாம் கிம்-ஃபாய் என்ற நடிகை காதல் நாயகனாக நடித்து ஊரையே மயக்கினார். இந்தப் பழக்கம் உள்ள ரசிகர்களுக்கு, 'ஸ்வார்ட்ஸ்மேன் 2' (1992) படத்தில் மந்திரசக்திக்காகத் தன் ஆண்மையை விட்டவராகப் பிரிஜிட் லின் வந்தபோது விளக்கம் தேவைப்படவில்லை. இதுவும் சிங் சியூ-துங் இயக்கம்தான்.

முக வண்ணங்களுக்கு அர்த்தம் உண்டா?

உண்டு. சிவப்பு விசுவாசம், கறுப்பு நேர்மையும் முரட்டுத்தனமும், வெள்ளை வஞ்சகம், பொன்னும் வெள்ளியும் தெய்வங்களுக்கும் பூதங்களுக்கும். படங்களில் இதை அப்படியே பின்பற்றுவது குறைவு.

சீனாவில் பேய் நாடகங்களைத் தடை செய்தார்களாமே?

1963இல் பேய் நாடகங்களை மேடையேற்றுவதை நிறுத்தச் சொன்னார்கள். கொலையுண்ட பெண்ணின் ஆவி திரும்பி வந்து காதலனைக் காப்பாற்றும் 'லி ஹுயினியாங்' கதையை 1961இல் புதிதாக எழுதிய மெங் சாவ் கடுமையாகத் தாக்கப்பட்டார். கலாசாரப் புரட்சி வந்ததும் பழைய ஓபரா முழுவதுமே மேடையை விட்டுப் போனது. அந்த ஆண்டுகளில் ஹாங்காங்கிலும் தைவானிலும் எடுத்த படங்கள்தான் பேய்களுக்குப் புகலிடம். பிறகு நிலைமை மாறி, 1986இல் சீனத் தொலைக்காட்சியில் 'மேற்கு நோக்கிய பயணம்' தொடர் வந்தது. அதன் குரங்கு அரசன், தலைமுறைகளாகக் குரங்கு வேடமிட்ட ஷாவோசிங் ஓபராக் குடும்பத்தின் பிள்ளை.

ரோப் கட்டிப் பறப்பதும் ஓபராதானா?

இல்லை, அது சினிமாவின் வேலை. ஓபராவில் அடுக்கிய மேசைகளின் உச்சியிலிருந்து பின்பக்கமாகப் பல்டி அடித்து இறங்குவார்கள். ஆனால் ரோப்பில் தொங்கும்போது வயிற்றை இறுக்கிக் கால் விரலை நீட்டி அழகாகத் தெரிவதற்கு அந்தப் பயிற்சி வேண்டும். பயிற்சி இல்லாதவர் ரோப்பில் மூட்டை போலத்தான் தொங்குவார்.

இப்போது வரும் படங்களில் இது ஏன் தெரிவதில்லை?

அந்த நான்கு பள்ளிகளும் இன்று இல்லை. கணினி வரைகலை மலையைப் பெயர்க்கும், பாம்பைப் பறக்கவிடும். ஆனால் வெள்ளைப் பாம்பு ஓபராவில் ஒரு காட்சி உண்டு. நாலு பக்கமிருந்தும் ஈட்டிகளை வீசுவார்கள். நாயகி ஒன்றைப் பாதத்தால், இன்னொன்றைக் குதிகாலால் பின்பக்கமாக, இன்னொன்றைத் தோளால் என்று வந்த திசைக்கே திருப்பி உதைப்பார். ஒன்று தவறினாலும் அரங்கமே பார்த்துவிடும். அந்த ஆபத்தைக் கணினியில் செய்ய முடியாது. பயிற்சி முறை மட்டும் சீனாவின் ஓபரா கல்லூரிகளில் தொடர்கிறது.

முதலில் எதைப் பார்க்கலாம்?

'மிஸ்டர் வாம்பயர்' எடுத்தவுடன் பிடிக்கும். அடுத்து 'எ சைனீஸ் கோஸ்ட் ஸ்டோரி'. பிறகு இணையத்தில் 'சான் சா கோ' ஓபராவின் மேடைப் பதிவைத் தேடிப் பாருங்கள், நீளம் குறைவு, மொழி தெரியாவிட்டாலும் புரியும். அதைப் பார்த்த கையோடு 'டிராகன் இன்'. 'எ டச் ஆஃப் ஜென்' மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். முடிந்தவரை மூல மொழியில், சப்டைட்டிலோடு பாருங்கள். டப்பிங்கில் சில சமயம் பின்னணி ஒலியும் மாறிப்போகும், மேளம் காணாமல் போய்விடும்.